பட் போடவா, ஆண்ட் போடவா

ஜூலை 4, 2025, வெள்ளி

பதினைந்தாம் தேதி கல்வி வளர்ச்சி நாள். காமராஜர் பற்றி ஆங்கிலத்தில் பேச ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆள் வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். விருப்பமுள்ளவர்கள் ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வரச் சொன்னேன். இன்று தாள்களை வீட்டுக்கு எடுத்து வந்து, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படித்தேன்.

எழுத்துப் பிழையும் காலப் பிழையும் உண்டு. அவை திருத்தினால் போய்விடும். என்னை நிறுத்தியது வேறு. ஏறக்குறைய எல்லாத் தாளிலும் வாக்கியங்களைக் கோத்திருப்பது ‘ஆண்ட்’ என்ற ஒரே சொல்தான். விருதுநகரில் பிறந்தார் ஆண்ட் அப்பா இறந்துவிட்டார் ஆண்ட் படிப்பை விட்டார் ஆண்ட் கடையில் வேலை பார்த்தார் ஆண்ட் முதலமைச்சர் ஆனார். ஒரு பையன் தாளில் முதல் பத்தி முழுவதும் ஒரே வாக்கியம்.

இது சோம்பலால் வருவதில்லை. தமிழில் ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பள்ளிக்கூடம் வந்தேன்’ என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். நடுவில் தனிச் சொல் எதுவும் வேண்டாம். ‘மழையில் நனைந்து காய்ச்சல் வந்துவிட்டது’ என்றால், நனைந்ததால்தான் வந்தது என்று கேட்பவருக்கே தெரியும். உறவைச் சொல்லியே ஆக வேண்டிய இடத்திலும் ஓர் ஆலோ, ஆலுமோ, ஆமலோ வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வேலையை முடித்துவிடும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இரண்டு வினைகளும் முழுசாக நிற்கும். இன்னதற்கு இன்னது என்று ஒரு தனிச் சொல் வந்து அறிவிக்க வேண்டும். அந்த இடத்துக்கு வரும்போது பிள்ளைகள் கைக்கு முதலில் அகப்படும் சொல்லைப் போட்டுவிட்டுக் கடந்து போகிறார்கள்.

உறவுகள் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ‘உம்’ என்ற ஒற்றை இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் இடையியலில் எட்டுப் பொருள் சொல்கிறார். ‘நானும் அவனும் போனோம்’ என்பதில் வரும் உம் வேறு, ‘கூப்பிட்டும் வரவில்லை’ என்பதில் வரும் உம் வேறு. எந்த இலக்கணமும் படிக்காமலே இந்த வேறுபாடுகளைப் பிசகாமல் பேசும் பிள்ளைகள்தான் இவர்கள். இவர்களிடம் ‘இணைப்புச் சொற்களின் பட்டியல்’ ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதில் பயனில்லை. தாள்களில் சிவப்பு மை வைக்கவில்லை. திங்களன்று கேள்வியாகவே கேட்கப் போகிறேன்.

ஜூலை 7, திங்கள்

கரும்பலகையில் இரண்டு வாக்கியங்கள் மட்டும் எழுதினேன். ஒன்று, காமராஜர் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. இரண்டு, காமராஜர் ஆயிரக்கணக்கான பள்ளிகளைத் திறந்தார். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் போட்டு, “இங்க என்ன சொல் வரும்?” என்று கேட்டேன்.

‘ஆண்ட்’ என்று வகுப்பே சொன்னது. சரி, தப்பில்லை, போட்டேன். “இப்ப இந்த வாக்கியம் என்ன சொல்லுது?” ஒரு பையன், “ரெண்டும் நடந்துச்சுன்னு சொல்லுது டீச்சர்” என்றான். வேறு ஏதாவது சொல்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். அதுதான் ‘ஆண்ட்’. இரண்டையும் பக்கத்தில் உட்கார வைக்கும். ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று வாய் திறக்காது.

அடுத்து ‘பட்’. முன்வரிசைப் பெண் ஒருத்தி, “படிக்காதவர்னா பள்ளிக்கூடத்தப் பத்தி நினைச்சிருக்க மாட்டாருன்னு நாம நினைப்போம், அவரு அப்படி இல்லன்னு வருது” என்றாள். அதைவிட நன்றாக எந்த இலக்கணப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ‘பட்’ போடும்போது, படிப்பவர் மனதில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது என்று எழுதுபவர் முடிவு செய்கிறார். செய்துவிட்டு அதை உடைக்கிறார்.

‘ஸோ’ போட்டதும் சண்டை மூண்டது.

“அதான் சரி டீச்சர். அவரால படிக்க முடியல, அதனால மத்த பிள்ளைங்களாச்சும் படிக்கட்டும்னு தொறந்தாரு.”

“அப்ப படிப்ப விட்டவங்க எல்லாரும் பள்ளிக்கூடம் தொறந்திருக்கணுமே?”

கேட்டவள் கடைசி பெஞ்சு. வழக்கமாக வாயே திறக்காதவள். பையன் திணறிப்போய் என்னைப் பார்த்தான். நான் பதில் சொல்லாமல் அவனையே சொல்ல விட்டேன். கொஞ்சம் யோசித்து, “அவருக்கு அந்த வருத்தம் மனசுல இருந்துச்சுன்னு நடுவுல இன்னொரு வரி சேத்தா ‘ஸோ’ வரலாம்ல?” என்றான். அவனே தாளில் அதைச் சேர்த்து எழுதினான். ‘ஸோ’ என்பது முதல் செய்தியே இரண்டாவதைக் கொண்டுவரப் போதும் என்று உறுதி கொடுக்கும் சொல். அந்த உறுதி அவன் எழுதிய வரிகளில் இல்லை; இருக்க வேண்டிய வரி எது என்று அந்தச் சொல்லே அவனைத் தேட வைத்தது.

மூன்று சொற்களில் எது சரி என்று கடைசி வரை நான் சொல்லவில்லை. மூன்றும் இலக்கணப்படி சரி. மூன்றும் மூன்று காமராஜரைக் காட்டுகின்றன. எந்தக் காமராஜரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது பேசுபவர் எடுக்க வேண்டிய முடிவு.

ஜூலை 8, செவ்வாய்

‘பிகாஸ்’ இன்று. எதிர்பார்த்ததைவிடச் சிக்கல்.

மூன்று பேர் தலைகீழாக எழுதியிருந்தார்கள்: ‘அவர் கடையில் வேலை பார்த்தார், ஆகவே அப்பா இறந்தார்’ என்று பொருள் வரும்படி. சொல்லிக் காட்டியதும் அவர்களுக்கே அதிர்ச்சி.

பியாஜே இதை நூறாண்டுக்கு முன்பே கவனித்தார். 1924இல் வெளிவந்த, குழந்தைகளின் தீர்ப்பும் தர்க்கமும் பற்றிய அவருடைய நூலில், ‘ஏனென்றால்’ என்று பாதியில் நிற்கும் வாக்கியங்களைப் பிள்ளைகளை முடிக்கச் சொன்ன சோதனைகள் வருகின்றன. சைக்கிளிலிருந்து ஒருவர் விழுந்தார், ஏனென்றால்... என்று நிறுத்தினால், கை உடைந்துவிட்டது என்று முடிக்கிற பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளைக்கு விழுந்ததும் உடைந்ததும் ஒரே காட்சியில் சேர்ந்தே தெரிகின்றன. எது முன், எது பின் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. ‘இருந்தபோதிலும்’ என்ற வகைச் சொற்கள் இதைவிடப் பிந்தித்தான் கைவருகின்றன என்றும் அவர் கண்டார். பியாஜே பார்த்தது சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தாய்மொழியில். என் பிள்ளைகள் தமிழில் அந்தப் படியை எப்போதோ தாண்டியவர்கள். அன்னிய மொழி வந்ததும் அதே படியை மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. அதற்காக அவர்களை மந்தம் என்று சொல்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

ஒரு சின்ன வழி வைத்திருக்கிறேன். ‘பிகாஸ்’ எழுதினால், அதற்கு முன்னால் இருக்கும் பகுதியைப் பார்த்து “ஏன்?” என்று கேள். பின்னால் இருப்பது பதிலாக அமைகிறதா? ‘ஸோ’ எழுதினால் “அதனால என்ன ஆச்சு?” என்று கேள். பக்கத்துப் பிள்ளை கேட்க, எழுதியவர் பதில் சொல்ல வேண்டும். வகுப்பு சந்தையாகிவிட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 10, வியாழன்

இன்று நடந்ததை விவரமாக எழுதி வைக்க வேண்டும்.

வந்த தாள்களில் நல்ல தாள் ஒரு பெண்ணுடையது. அதில் ஒரு வரி: ‘ஹி வாஸ் புவர் பட் ஹானஸ்ட்.’ அவர் ஏழை, பட் நேர்மையானவர். ஆங்கிலத்தில் தேய்ந்துபோன தொடர். எங்கேயோ படித்து எடுத்திருக்கிறாள். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. தேர்வில் முழு மதிப்பெண் கிடைக்கும்.

பலகையில் அதை எழுதிவிட்டு, ‘புவர்’ என்ற இடத்தில் ‘டால்’ என்று மாற்றினேன். அவர் உயரமானவர், பட் நேர்மையானவர். வகுப்பு சிரித்தது. ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டேன். “உயரத்துக்கும் நேர்மைக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்? உயரமா இருந்தா நேர்மையா இருக்க மாட்டாங்களா?” என்றான் ஒருவன். அப்படியானால் ‘பட்’ என்ன சொல்கிறது? முன்னதற்கும் பின்னதற்கும் மோதல் இருக்கிறது என்கிறது. சரி, இப்போது பழைய வரிக்கு வாருங்கள் என்று ‘புவர்’ என்று திரும்ப எழுதினேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்தான். “ஏழைன்னா திருடுவாங்கன்னு அர்த்தமா டீச்சர்?”

எழுதிய பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. அவள் அப்படி நினைத்து எழுதவில்லை. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் அவள் நினைக்காததை அந்த மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் நினைத்துவிட்டது. ஜெர்மானியத் தர்க்கவியலாளர் ஃப்ரேகே 1879இலேயே இதைச் சொல்லியிருக்கிறார்: உண்மையா பொய்யா என்ற கணக்கில் ‘ஆண்ட்’டுக்கும் ‘பட்’டுக்கும் வேறுபாடு கிடையாது; ஏழை என்பதும் உண்மை, நேர்மையானவர் என்பதும் உண்மை என்றால் இரண்டு வாக்கியமும் உண்மைதான். ‘பட்’ செய்வது ஒரு குறிப்புக் காட்டுவது. பின்னால் வருவது நீ எதிர்பார்த்தது இல்லை என்று காதோடு சொல்வது. அந்தக் குறிப்பை யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. அதனாலேயே அது ஆபத்தானது. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் ஒரு கூட்டத்தையே இழிவுபடுத்த அதனால் முடியும். ‘கிராமத்துப் பெண், பட் நன்றாக ஆங்கிலம் பேசுவாள்’ என்று பாராட்டுகிற குரலில்தான் இது பெரும்பாலும் வரும்.

‘பட்’டை அடித்துவிட்டு ‘ஆண்ட்’ போடச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவளே தாளை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். மணி அடிக்கும் முன் திரும்பி வந்தாள். ‘ஏழையாக இருந்தார் ஆண்ட் நேர்மையாக இருந்தார்’ என்று ஒரு வரி. அதற்கடுத்து அவளே புதிதாகச் சேர்த்தது: ‘ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தார், பட் தனக்கென்று எதுவும் சேர்க்கவில்லை.’

1954 முதல் 1963 வரை. கணக்கும் சரி, ‘பட்’டும் சரி. மோதல் எங்கே இருக்கிறதோ அங்கே அந்தச் சொல்லைக் கொண்டு போய் வைத்துவிட்டாள். வறுமையோடு இருந்த சண்டையை எடுத்து அதிகாரத்தின் மீது வைத்தாள். பதினான்கு வயது. அவளையே பேசச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

இரட்டைப் பூட்டுகளைக் கழற்றும் நாள். ‘ஆல்தோ’ என்று தொடங்கிவிட்டு நடுவில் ‘பட்’டும் போடுவது, ‘பிகாஸ்’ என்று தொடங்கி நடுவில் ‘ஸோ’. ‘ஏன்னா மழை பெஞ்சுச்சு, அதனால வரல’ என்று பேச்சில் இரண்டையும் நாம் சேர்த்தே சொல்கிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. ஆங்கிலத்தில் ஒன்று போதும். ஒரு பையன், பழைய புத்தகத்தில் ‘தோ’வுக்குப் பிறகு ‘யெட்’ இருக்கிறதே என்று கேட்டான். கேள்வி நியாயமானது. ‘தோ – யெட்’ பழைய இணை, அது செல்லும். ‘தோ – பட்’ இன்றைய எழுத்தில் செல்லாது. இதற்குத் தர்க்கம் எதுவும் இல்லை, வழக்கம் அப்படி என்று நேராகச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றுக்கும் காரணம் கற்பித்தால் பிள்ளைகள் உண்மையான காரணத்தையும் நம்ப மாட்டார்கள்.

‘அன்லெஸ்’ஸுக்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ இருக்கிறது; மேலும் ஒரு ‘நாட்’ சேர்க்காதே. இதை ஐந்து நிமிடத்தில் முடித்தோம்.

ஜூலை 12, சனி

தம்பி மதுரையிலிருந்து வந்திருந்தான். வக்கீல். நான் ‘பட்’ கதையைச் சொன்னதும், “அக்கா, எங்க தொழில்ல ‘ஆண்ட்’டும் ‘ஆரு’ம்தான் தலைவலி” என்று ஆரம்பித்தான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பல்சிஃபர் வழக்கு. தீர்ப்பு 2024 மார்ச்சில். போதைப்பொருள் குற்றத்தில் சட்டம் விதிக்கும் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து சிலருக்கு விலக்குக் கொடுக்கும் பிரிவு. 2018இல் அதை விரிவுபடுத்தினார்கள். குற்றவாளிக்கு இன்னின்ன பழைய குற்றப் பின்னணி இருக்கக் கூடாது என்று அ, இ, உ என மூன்று நிபந்தனைகள்; கடைசி இரண்டுக்கும் நடுவில் ‘ஆண்ட்’. பல்சிஃபருக்கு முதல் இரண்டு பின்னணியும் உண்டு, மூன்றாவது இல்லை. அவர் தரப்பு சொன்னது: மூன்றும் சேர்ந்து இருந்தால்தானே விலக்கு மறுக்க முடியும், ‘ஆண்ட்’ என்றுதானே போட்டிருக்கிறீர்கள்? அரசுத் தரப்பு சொன்னது: மூன்றில் எதுவுமே இருக்கக் கூடாது, ஒன்று இருந்தாலும் விலக்கு இல்லை. ஆறு நீதிபதிகள் அரசின் பக்கம். தீர்ப்பை எழுதியவர் எலெனா கேகன். மூன்று பேர் மறுத்தார்கள். மறுப்பை எழுதியவர் நீல் கோர்சச். அந்தச் சொல்லை எப்படிப் படிப்பது என்பதில் சிறையில் கழியும் வருடங்கள் தொங்கின.

“நம்ம ஊர்லயும் உண்டு” என்றான். 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் ‘மருந்து’ என்பதற்கான விளக்கத்தில் உள்ள ‘ஆண்ட்’டை ‘ஆர்’ என்றுதான் கொள்ள வேண்டும் என்று 1968இல் ஈஸ்வர் சிங் பிந்த்ரா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. இல்லையென்றால் ஒரு பொருள் இரண்டு வகையிலும் ஒரே நேரத்தில் அடங்கினால்தான் மருந்து என்றாகி, சட்டத்தின் நோக்கமே கெட்டுவிடும்.

எனக்கு வகுப்புக்கு வேண்டியது இதில் கிடைத்தது. இல்லை என்ற சொல் வந்துவிட்டால் ‘ஆண்ட்’, ‘ஆர்’ இரண்டும் குணம் மாறிவிடும். அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு, சட்டத்தின் முன் சமத்துவத்தை ‘ஆர்’ சட்டங்களின் சமமான பாதுகாப்பை அரசு யாருக்கும் மறுக்காது என்கிறது. ‘ஆர்’ என்று இருப்பதால் ஏதாவது ஒன்றை மறுக்கலாம் என்று யாரும் படிப்பதில்லை. இரண்டையுமே மறுக்கக் கூடாது. 19ஆம் பிரிவு, அமைதியாக ‘ஆண்ட்’ ஆயுதமின்றிக் கூடும் உரிமை என்கிறது. அங்கே இரண்டும் வேண்டும். தம்பி இந்த இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஜூலை 13, ஞாயிறு

பழைய மாணவி வந்தாள். நர்சிங் முடித்துவிட்டாள். சென்னையில் வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும், கடிதத்தைப் பார்த்துக் கொடுங்கள் டீச்சர் என்றாள்.

நல்ல கடிதம். ஒரு வரியில் மட்டும் கை வைத்தேன். ‘நல்ல மதிப்பெண்ணுடன் படிப்பை முடித்தேன், பட் எனக்கு முன் அனுபவம் இல்லை’ என்று இருந்தது. படித்து முடிப்பவர் மனதில் நிற்பது எது என்று கேட்டேன். “அனுபவம் இல்லங்கறதுதான் நிக்குது” என்றாள். அதையே ‘ஆல்தோ’ போட்டுத் திருப்பி எழுதச் சொன்னேன். ‘எனக்கு முன் அனுபவம் இல்லை என்றாலும், நல்ல மதிப்பெண்ணுடன் படிப்பை முடித்திருக்கிறேன்.’ ஒரு செய்தியையும் மறைக்கவில்லை, கூட்டவில்லை. ‘ஆல்தோ’ எந்தப் பகுதியின் தலையில் உட்காருகிறதோ அது பின்னணிக்குப் போகும். மற்றது முன்னுக்கு வரும். முன்னுக்கு வருவதை வாக்கியத்தின் கடைசியில் வைத்தால் எடை இன்னும் கூடும்.

அவள் போன பிறகு, முன்னேற்ற அறிக்கைகளில் நாங்கள் எழுதும் குறிப்புகள் நினைவுக்கு வந்தன. ‘கடுமையாக உழைத்தாலும் மதிப்பெண் குறைவு.’ ‘மதிப்பெண் குறைவாக இருந்தாலும் கடுமையாக உழைக்கிறாள்.’ முதலாவதைக் கையெழுத்துக்குக் கொண்டு போகும் பிள்ளைக்கு வீட்டில் என்ன கிடைக்கும், இரண்டாவதற்கு என்ன கிடைக்கும் என்று ஆசிரியர்கள் அனைவரும் யோசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். செய்தி ஒன்றே, அந்தப் பிள்ளையை எப்படிப் பார்க்கிறோம் என்பது வேறு.

ஜூலை 14, திங்கள்

நாளை விழா. பேச்சுத் தாளைக் கடைசியாகப் பார்த்தோம்.

‘ஹவெவர்’ என்ற சொல்லை எங்கிருந்தோ பிடித்து வந்து ‘பட்’ போல நடுவில், இரண்டு பக்கமும் காற்புள்ளி வைத்துச் செருகியிருந்தாள். ‘ஹவெவர்’ இணைப்புச் சொல்லின் வேலையைச் செய்வது போலத் தெரியும். உண்மையில் அது வினையடை. இரண்டு முழு வாக்கியங்களை அதனால் தனியாகத் தாங்க முடியாது. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். ‘தேர்ஃபோர்’ரும் அப்படியே. ‘டெஸ்பைட்’டுக்குப் பின் பெயர்ச்சொல்தான் வரும், எழுவாயும் பயனிலையுமாக வாக்கியம் வராது. மேடையில் பேசும்போது புள்ளிகள் காதில் விழாது. ஆனாலும் புள்ளி இருக்கும் இடத்தில்தான் மூச்சு விட வேண்டும் என்று சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

இன்னொன்று ‘சின்ஸ்’. ‘சின்ஸ் ஹி லெஃப்ட் ஸ்கூல்’ என்று ஒரு வரி. பள்ளியை விட்டதிலிருந்து என்பதா, விட்டதால் என்பதா? இரண்டுக்கும் அதே சொல். ‘வைல்’லும் அப்படித்தான், ‘அதே நேரத்தில்’ என்றும் வரும், ‘இவர் இப்படி இருக்க அவர் அப்படி’ என்றும் வரும். இரண்டு பொருள் வரும் இடத்தில் ஒரு பொருள் மட்டும் உள்ள சொல்லைப் போடு என்றேன். ‘பிகாஸ்’ ஆனது.

ஜூலை 15, செவ்வாய்

பேசினாள். நடுங்கவில்லை. ‘ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தார்’ என்று சொல்லி, ‘பட்’டுக்கு முன் ஒரு கணம் நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆங்கிலம் தெரியாத சத்துணவு அம்மாவும் நிமிர்ந்து பார்த்தார்.

சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருந்தது.

ஜூலை 16, புதன்

“டீச்சர், வெளிய போகணும், ஏன்னா வெளிய போகணும்.” எட்டாம் வகுப்புப் பையன். அனுப்பிவிட்டேன்.

இதை எலன் லாங்கரும் உடன் ஆய்வாளர்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்திருக்கிறார்கள். நியூயார்க்கில் நகல் எடுக்கும் இயந்திரத்துக்கு முன் நிற்பவரிடம், ஐந்து பக்கம்தான், நான் முன்னால் எடுக்கட்டுமா என்று கேட்டால் 60 சதவீதம் பேர் விட்டார்கள். ‘ஏனென்றால் அவசரமாக இருக்கிறேன்’ என்று சேர்த்தால் 94. ‘ஏனென்றால் நகல் எடுக்க வேண்டும்’ என்று வெற்றுக் காரணம் சொன்னாலும் 93. ‘பிகாஸ்’ என்ற ஓசையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் இருபது பக்கம் என்றதும் நிலைமை மாறிவிட்டது: காரணம் சொல்லாமல் கேட்டால் 24, வெற்றுக் காரணத்துக்கும் அதே 24, உண்மையான காரணத்துக்கு 42. விஷயம் பெரிதாகும்போது ‘பிகாஸ்’ஸுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மனிதர்கள் திறந்து பார்க்கிறார்கள். செய்தித்தாள் படிக்கும்போது பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும். விலை ஏறியது, பிகாஸ்... தோற்றது, பிகாஸ்... ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

அறிவியல் ஆசிரியரிடம் பேசி அவருடைய வகுப்பில் பதினைந்து நிமிடம் வாங்கினேன். ஜூடித் ஹாக்மன் என்ற அமெரிக்க ஆசிரியரின் பயிற்சி. ஒரே வாக்கியத் தொடக்கம். அதை மூன்று விதமாக முடிக்க வேண்டும்: ‘பிகாஸ்’, ‘பட்’, ‘ஸோ’. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள நியூ டார்ப் உயர்நிலைப் பள்ளி, பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று தேடியபோது, பலருக்கு ‘ஆல்தோ’ போன்ற சொற்களை வைத்து ஒரு வாக்கியம் எழுத வரவில்லை என்று கண்டது. பிறகு எல்லாப் பாடத்திலும் ஹாக்மன் முறையைக் கொண்டு வந்தார்கள். மாநில ஆங்கிலத் தேர்வில் தேர்ச்சி 2009இல் 67 சதவீதமாக இருந்தது, 2011இல் 89 ஆனது. முறையால்தான் ஆனது என்று பலர் எழுதுகிறார்கள். இரண்டு ஆண்டில் ஒரு பள்ளிக்குள் வேறு எவ்வளவோ மாறும். அந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் நான் ‘ஆண்ட்’தான் போடுவேன். முறை நல்லது என்பதற்கு எனக்கு என் வகுப்பே போதும்.

இன்று கொடுத்த தொடக்கம்: ‘செடிகளுக்குச் சூரிய ஒளி வேண்டும்’. ‘பிகாஸ்’ எல்லோருக்கும் வந்தது, உணவு தயாரிக்க. ‘ஸோ’வும் வந்தது, நிழலில் வைத்தால் வாடும், ஜன்னல் பக்கம் சாயும். ‘பட்’டில் நின்றுவிட்டார்கள். ‘பட்’ போட வேண்டுமானால் அந்த விதி எங்கே செல்லாது என்று தெரிந்திருக்க வேண்டும். பாடத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு அது வராது. கடைசியில் ஒருத்தி, “ஆனா விதை மண்ணுக்குள்ள இருட்டுலதானே டீச்சர் முளைக்குது?” என்றாள். அறிவியல் ஆசிரியர் சாக்பீஸை வாங்கிக்கொண்டு, விதைக்குள் சேமித்த உணவு இருக்கிறது என்று மீதிப் பாடத்தை அங்கிருந்தே நடத்தினார். அடுத்த வாரமும் வாருங்கள் என்று அவரே சொன்னார்.

ஜூலை 18, வெள்ளி

இடைத்தேர்வு வினாத்தாள் எழுத உட்கார்ந்தேன். வழக்கமான வினா, ‘கீழுள்ள வாக்கியங்களை இணைக்கவும்’ என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எந்தச் சொல்லால் இணைக்க வேண்டும் என்பதையும் கொடுத்துவிடும். பிள்ளைகள் செய்ய வேண்டிய ஒரே முடிவை வினாத்தாளே எடுத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது காற்புள்ளி வைக்கும் வேலை. பொதுத்தேர்வுக்கு அந்தப் பழக்கமும் வேண்டும் என்பதால் மூன்று வினா அப்படியே வைத்திருக்கிறேன்.

நான்காவதை மாற்றினேன். இரண்டு வாக்கியம்: ஆற்றில் தண்ணீர் வந்தது. விவசாயிகள் நடவு தொடங்கவில்லை. அடைப்புக்குறி இல்லை. இரண்டு வெவ்வேறு சொற்களால் இணைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த விவசாயிகளைப் பற்றி வாக்கியம் என்ன நினைக்கிறது என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி எழுத வேண்டும். நான்கு மதிப்பெண்: இணைப்புக்கு இரண்டு, விளக்கத்துக்கு இரண்டு. ‘ஸோ’ போட்டு, தண்ணீர் வந்ததால்தான் நடவில்லை, வயல் மூழ்கிவிட்டது என்று ஒரு பிள்ளை எழுதினால் அதற்கும் முழு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன். தாளைத் திங்களன்று தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும்.